சூறாவளிக் கடுமையின் அளவீடு: ஒரு சமூக நோக்கு

2004ஆம் ஆண்டு செப்ரெம்பர் நடுப்பகுதியில், 'ஜீன்' எனப் பெயரிடப்பட்ட சூறாவளியொன்று ஹெயிட்டி நாட்டின் வடகரையை அண்டிச் சென்றது. அவ்வேளை அது ஹரிக்கேன் எனும் நிலையிலிருந்து தாழ்ந்து சாதாரண அயனப் புயலாகவே இருந்தது. காற்றினால் விளைந்த சேதம் பெரிதன்று. ஆயின் மழை விடாது பெய்தது. மரங்கள் வெட்டப்பட்டு மொட்டையாகிக் கிடந்த மலைச்சரிவுகளில் இறங்கிய வெள்ளமும் சேறும் கொனாயீவ் நகரை மூடின. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அதே சூறாவளி சமுத்திரத்திலே சுற்றித் திரிந்து, மீண்டும் வலுப்பெற்று, செப்ரெம்பர் 26ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் புளொரிடா மாநிலக் கரையைத் தாக்கியது. இப்பொழுது அது மூன்றாம் படியைச் சேர்ந்த பெருஞ்சூறாவளி. காற்றின் வேகம் மணிக்கு 190 கி.மீ.க்கு மேல். அங்கு அதன் நேரடித் தாக்கத்தால் இறந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அளவுகோலின்படி இவ்விரண்டு தாக்குதல்களுள் பின்னையதே கடுமையானது. முன்னையதற்கு அவ்வளவுகோலில் இடமே கிடையாது. அவ்வாறாயின் அளவுகோல் பிழையானதா? பிழையானதன்று என்பதே எமது கருத்து. அது தான் அளப்பதாகக் கூறுவதைச் செம்மையாகவே அளந்தது. அவ்வளவுகோல் முதலில் எத்தேவைக்காக உருவாக்கப்பட்டது, காலப்போக்கில் எவற்றைக் கைவிட்டது, அது தரும் எண்ணை மக்களும் ஆட்சியாளரும் எவ்வாறு வாசிக்கின்றனர் என்பனவே ஆராயப்பட வேண்டியவை. இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்திற் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இலக்கிய வரலாற்றின் காலப்பகுப்புகளை யார், எந்நோக்கிற் செய்தனர் என்று வினவிப் பழகியோர்க்கு வானிலையியலாளரின் படிநிலைகளும் முற்றிலும் அயலானவை அல்ல.

காற்றுக்குப் படிநிலை வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் நாவலாசிரியர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1703ஆம் ஆண்டு இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் பற்றி டானியல் டீபோ அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலிலே, அசைவற்ற அமைதி தொடக்கம் பெரும்புயல் வரை பன்னிரு நிலைகளைக் கொண்ட வரிசையொன்று உளது. கடலோடிகளின் வழக்குச் சொற்களே அவர் பயன்படுத்தியவை. நூறாண்டுகளின் பின், 1805இல், பிரித்தானியக் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் போபோர்ட் தமது அளவுத்திட்டத்தை வகுத்தார். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. இன்ன காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரித்துச் செல்லலாம், எப்போது எவற்றைச் சுருட்ட வேண்டும் என்பதே அவருடைய அலகு. பன்னிரண்டாம் நிலை, எந்தப் பாயும் தாக்குப்பிடிக்க முடியாத காற்று, அதுவே ஹரிக்கேன். கடற்படை 1838இல் இதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

ஓர் உற்பத்திக் கருவியும் அதனை இயக்கும் உழைப்பும் இணைந்த செயலே இங்கு இயற்கையை அளக்கும் கோலாகியது. அக்கப்பல்கள் எந்தப் பேரரசின் வாணிகத்தைக் காத்தன என்பதையும் நாம் மறந்துவிடுவதற்கில்லை. பாய்க்கப்பல் மறைந்து நீராவிக்கப்பல் வந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்நிலைகளுக்கு வேக எண்கள் பொருத்தப்பட்டன. பன்னிரண்டாம் நிலை மணிக்கு 64 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 118 கி.மீ. எனக் கொள்ளப்பட்டது. இன்றும் ஓர் அயனப் புயல் ஹரிக்கேன் எனும் பெயரைப் பெறுவது இந்த எல்லையைத் தொடும்போதுதான். பாய்கள் இல்லாத உலகிலே பாயின் எல்லை நிலைத்துவிட்டது.

பன்னிரண்டுக்கு மேல் என்ன என்ற கேள்வி மாலுமிக்கு எழவில்லை. கரையில் வாழ்ந்தோர்க்கு எழுந்தது. ஆனால் அங்கே காற்றுமானி புயலின் உச்சத்திற் பெரும்பாலும் உடைந்துபோகும். ஆகையால் நெடுங்காலமாகச் சூறாவளிகளை ஒப்பிடுவதற்கு, மையத்திற் பதிவான ஆகக் குறைந்த வளியமுக்கமே நம்பத்தக்க சான்றாயிற்று. சராசரிக் கடல்மட்ட அமுக்கம் 1013 மில்லிபார். 1935 செப்ரெம்பர் 2ஆந் திகதி புளொரிடாவின் தென்முனைத் தீவுத்தொடரைத் தாக்கிய சூறாவளியில் அது 892 மில்லிபாராக இறங்கியது. அத்திலாந்திக் பரப்பில் இதனிலும் தாழ்ந்த அமுக்கம் 1988இல் 'கில்பேர்ட்' வரும்வரை பதிவாகவில்லை. 1935இன் அச்சூறாவளியில் 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் முதலாம் உலகப் போரிற் பங்குகொண்ட முன்னாட் படைவீரர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து, நெடுஞ்சாலை அமைக்கும் நிவாரணப் பணிக்கெனத் தாழ்ந்த தீவுகளிலே முகாம்களில் இருத்தப்பட்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களை மீட்க அனுப்பப்பட்ட புகையிரதம் காலந்தாழ்த்தியே வந்தது. வந்த பெட்டிகளையும் கடல் தண்டவாளத்திலிருந்து புரட்டியது. அதே மாதம் 'நியூ மாஸஸ்' எனும் இடதுசாரி ஏட்டில் ஏர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதிய கட்டுரை, அப்படைவீரர்களைக் கொன்றவர் யார் என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டிருந்தது. பாரமானி அவ்வினாவுக்கு விடை தருவதன்று. அதற்காக அது செய்யப்படவுமில்லை.

இன்று செய்திகளில் 'மூன்றாம் படி', 'ஐந்தாம் படி' எனக் கூறப்படுவது சாஃபிர்–சிம்ப்சன் அளவுத்திட்டமாகும். இதன் பிறப்பு முற்போக்கு வாசகரின் கவனத்திற்குரியது. ஹேர்பேர்ட் சாஃபிர் புளொரிடாவிற் பணியாற்றிய கட்டமைப்புப் பொறியியலாளர். மயாமி நகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் கட்டட விதிகளை வகுப்பதில் முன்னர் பங்கு கொண்டவர். 1969இல் ஐக்கிய நாடுகள் சபையின் பணியொன்றை ஏற்று, சூறாவளி வலயங்களிலே மலிவாகக் கட்டத்தக்க வீடுகள் பற்றி அவர் ஆராய்ந்தார். எவ்வளவு காற்றுக்கு எத்தகைய வீடு எவ்வாறு சிதையும் என்பதை எளிதாக எடுத்துரைக்க ஒரு முறை இல்லாததை அப்போது உணர்ந்தார். நிலநடுக்கத்துக்கு றிச்ரர் அளவுத்திட்டம் இருப்பதைப் போலச் சூறாவளிக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரையான படிகளை வகுத்தார். அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சூறாவளி நிலையப் பணிப்பாளராக இருந்த றொபேர்ட் சிம்ப்சன் இதனை ஏற்று, ஒவ்வொரு படிக்கும் கடல்நீர் எவ்வளவு உயரத்துக்குக் கரையேறும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்தார். ஏழைகளின் வீடு நிற்குமா என்ற கேள்வியே இவ்வளவுத்திட்டத்தின் கரு என்பது இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

படிகள் வருமாறு: மணிக்கு 119 முதல் 153 கி.மீ. வரை முதலாம் படி. 177 வரை இரண்டாம் படி. 208 வரை மூன்றாம் படி. 251 வரை நான்காம் படி. 252உம் அதற்கு மேற்பட்டனவும் ஐந்தாம் படி. மூன்றும் அதற்கு மேற்பட்டனவும் பெருஞ்சூறாவளி எனப்படும். இவ்வெல்லைகள் காற்றின் இயல்பிலே கீறப்பட்ட கோடுகளல்ல. ஒவ்வொரு படிக்கும் தரப்பட்டுள்ள விளக்கத்தைப் படித்தால், அவை கூரையோடு, கூரைத் தளம், சுவர் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒழுங்கைத் தழுவியிருப்பது தெரியவரும். ஆறாம் படி வேண்டும் எனும் வாதம் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. மைக்கல் வேனர், ஜேம்ஸ் கொசின் ஆகிய ஆய்வாளர்கள் 2024இல் மணிக்கு 309 கி.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு அதனைப் பொருத்திக் காட்டினர். வெப்பமேறும் கடல்களில் உச்சச் சூறாவளிகளின் வலு கூடிவருகிறது என்பது அவர்களது கவலை. அது நியாயமான கவலையே. ஆனால் ஐந்தாம் படியிலே வீடு அழிந்துவிடுகிறது, அதற்கப்பால் வேறுபடுத்துவதிற் பயனில்லை என்ற நிலைப்பாட்டைச் சிம்ப்சன் தம் வாழ்நாளிலேயே எடுத்திருந்தார். படிகள் முடிவடைவது வீடு முடிவடையும் இடத்தில்.

எந்த வீடு என்பது அடுத்த கேள்வி. அதே விளக்கங்களில், நன்கு கட்டப்பட்ட வீட்டின் கூரையோடுகளும் பீலியும் சேதமடையலாம் எனக் கூறப்படும் முதலாம் படியிலேயே, 1994க்கு முற்பட்ட 'மொபைல் ஹோம்' எனப்படும் தொழிற்சாலையிற் செய்து இழுத்து வந்து நிறுத்தப்படும் வீடு முற்றாக அழியலாம் என்றும் உளது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அத்தகைய வீடுகளில் வாழ்வோர் பெரும்பாலும் கூலி உழைப்பாளரும் ஓய்வுபெற்ற ஏழைகளுமாவர். ஆக, ஒரே தெருவில் வீசும் ஒரே காற்று ஒருவருக்கு முதலாம் படி. இன்னொருவருக்கு ஐந்தாம் படி. அளவுத்திட்டம் தன் சிறிய எழுத்துக்களில் இதனை ஒப்புக்கொள்கிறது. செய்தித் தலைப்புகள் ஒப்புக்கொள்வதில்லை.

இனி இவ்வெண் எவ்வாறு பெறப்படுகிறது என்பதை நோக்குவோம். நிலமட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தில், ஒரு நிமிட நேரச் சராசரியாக, சூறாவளியின் எந்த ஓரிடத்திலேனும் வீசும் ஆகக் கூடிய காற்றே கணக்கில் எடுக்கப்படுகிறது. அந்த ஓரிடம் மையக்கண்ணைச் சூழ்ந்த சுவரில், சில கிலோமீற்றர் அகலமே உடையதாக இருக்கலாம். கடலின் நடுவே அங்கு காற்றுமானி நிறுத்துவார் எவருமிலர். 1943 முதல் விமானங்கள் சூறாவளிக்குள் பறக்கின்றன. அவை கருவி பொருத்திய குழாய்களைக் கீழே விழுத்தி, அவை விழும் வழியெல்லாம் அனுப்பும் செய்திகளிலிருந்து காற்றைக் கணிக்கின்றன. விமானம் செல்லாத சமுத்திரங்களில், வேர்ணன் டுவொராக் 1970களில் உருவாக்கிய முறைப்படி, செய்மதிப் படங்களிலே முகில்கள் சுருண்டிருக்கும் கோலத்தைப் பார்த்து ஒன்று முதல் எட்டு வரை எண் இடப்படுகிறது. பயிற்சி பெற்ற கண்ணின் வாசிப்பு அது. பிரதியை வாசிப்பதற்கு நெருங்கிய தொழில் என்றும் கூறலாம்.

எனவே எண் மாறக்கூடியது. 1992 ஓகஸ்டில் தென் புளொரிடாவை அழித்த 'அன்ட்ரூ' நான்காம் படியாகப் பதிவாகி, விழும் கருவிகளால் கண்சுவரின் காற்று பற்றிப் பின்னர் பெற்ற அறிவின் அடிப்படையில், பத்தாண்டுகளின் பின் 2002இல் ஐந்தாம் படிக்கு உயர்த்தப்பட்டது. ஐந்தாம் படி என்றால் வீடுகள் சரிந்ததற்கு இயற்கையே பொறுப்பு எனக் கூறிவிடலாம். ஆனால் அன்ட்ரூவின்பின் நடந்த விசாரணைகள் கட்டட விதிகள் மீறப்பட்டதையும், கண்காணிப்புத் தளர்ந்திருந்ததையும், மலிவாகவும் விரைவாகவும் கட்டி விற்கப்பட்ட வீடுகளின் கூரைகள் ஒழுங்காகப் பிணைக்கப்படாததையும் வெளிக்கொணர்ந்தன. படி உயர்ந்ததனால் அந்தக் குற்றம் குறைந்துவிடவில்லை.

நாடுகளிடையே ஒப்பிடும்போது இன்னொரு தடை உண்டு. ஐக்கிய அமெரிக்கா ஒரு நிமிடச் சராசரியைக் கொள்கிறது; இந்தியா மூன்று நிமிடம்; உலக வானிலை அமைப்பின் பொது நியமம் பத்து நிமிடம். சராசரியாக்கும் நேரம் நீள, அதே காற்றின் எண் தாழும். அவுஸ்திரேலியாவும் ஒன்று முதல் ஐந்து வரை படிகளை வைத்துள்ளது; ஆனால் அதன் ஐந்தாம் படி பத்து நிமிடச் சராசரியில் ஏறத்தாழ 200 கி.மீ.இல் தொடங்குகிறது. ஆகவே அவுஸ்திரேலிய ஐந்தும் அமெரிக்க ஐந்தும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் கவனியாது 'வரலாற்றிலேயே மிக வலிய' என எழுதும் பத்திரிகை வழக்கம் எல்லா மொழிகளிலும் உண்டு.

படிகளின் எண்கள் ஒவ்வொன்றாகவே கூடிய போதிலும் காற்றின் விசை அவ்வாறு வளர்வதில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். வேகம் இருமடங்கானால் சுவர்மீதான அழுத்தம் நான்கு மடங்காகிறது. இதனாலேயே ஒரு பருவகாலத்துச் சூறாவளிகளின் மொத்த வலுவைக் கணிப்போர், ஆறு மணிக்கொருமுறை பதிவான உச்சக் காற்றின் வர்க்கத்தைக் கூட்டிச் சுட்டெண் செய்கின்றனர். கெரி இமானுவேல் 2005இல் முன்வைத்த சுட்டெண் கனத்தையே எடுத்துக்கொண்டது. பருவங்களையும் தசாப்தங்களையும் ஒப்பிடுவதற்கு இவை பெரிதும் உதவுகின்றன. ஒரு கிராமத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உதவா. சூறாவளியின் பரப்பை இவையும் கொள்வதில்லை. பரப்பு முழுவதிலும் உள்ள இயக்கசக்தியைக் கூட்டும் முறையொன்றை மார்க் பவல், திமதி றைன்ஹோல்ட் ஆகியோர் 2007இல் முன்வைத்தனர். ஆய்வாளரிடையே வழங்கினும் அது பொதுமக்களைச் சென்றடையவில்லை.

பரப்பு ஏன் முக்கியம்? கடலுக்காக. ஐக்கிய அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை சூறாவளிகளின் நேரடித் தாக்கத்தால் இறந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நீராலேயே இறந்தனர் என எட்வேட் றப்பபோட் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பாதிப்பேர் கரையேறிய கடலாலும், காற்பங்கினர் மழைவெள்ளத்தாலும் மாண்டோர். காற்று நேரடியாகக் கொன்றது மிகச் சிலரையே. ஆயினும் படிகள் அளப்பது காற்றையே. 2004இல் நான்காம் படியாக வந்த 'சார்லி' சிறிய சூறாவளி. அது தள்ளிய கடல் 6 முதல் 8 அடி. 2008இல் இரண்டாம் படியாக வந்த 'ஐக்' பரந்த சூறாவளி. ரெக்சாஸ் கரையில் அது 15 முதல் 20 அடி வரை கடலை ஏற்றியது. கடற்றளத்தின் ஆழம், கரையின் வளைவு, வற்று பெருக்கு, சூறாவளி நகரும் கதி ஆகிய அனைத்தும் இதில் பங்கு கொள்கின்றன.

'கத்றீனா' இதன் பெருஞ்சான்று. 2005 ஓகஸ்ட் 29இல் அது கரையை அடைந்தபோது மூன்றாம் படி. 1969இல் அதே மிசிசிப்பிக் கரையைத் தாக்கிய 'கமீல்' ஐந்தாம் படி. கமீலில் தப்பிய வீடு இதிலும் தப்பும் எனக் கருதி வெளியேறாதிருந்தோர் பலர். கத்றீனா அக்கரையில் ஏற்றிய கடல் 8 மீற்றருக்கு மேல், கமீலினும் கூடியது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்திலோ, இராணுவப் பொறியியற் படை அமைத்த வெள்ளத்தடுப்பு அணைகள் வடிவமைப்புக் குறைகளால் உடைந்து, நகரின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. மோட்டார் வண்டி இல்லாதோர், பெரும்பாலும் கறுப்பினத்து ஏழைகள், வெளியேறும் கட்டளையைக் கேட்டும் வெளியேற இயலாதிருந்தனர். அங்கு நிகழ்ந்ததன் கடுமையை 'மூன்று' என்ற எண்ணிலிருந்து எவரும் ஊகித்திருக்க முடியாது.

2010இல் தேசிய சூறாவளி நிலையம் சிம்ப்சன் சேர்த்த கடல்மட்ட மதிப்பீடுகளை அளவுத்திட்டத்திலிருந்து நீக்கி, அதனைக் காற்றுக்குரிய அளவுத்திட்டம் எனப் பெயர் மாற்றியது. விஞ்ஞான நோக்கில் இது சரியான முடிவே. காற்றிலிருந்து நீரின் உயரத்தை வருவிக்க முடியாது என்பதை ஐக்கும் கத்றீனாவும் மெய்ப்பித்துவிட்டன. கடற்பெருக்குக்கெனத் தனி எச்சரிக்கைகளும் வரைபடங்களும் பின்னர் வந்தன. ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது ஒரேயோர் எண். அந்த எண்ணிலிருந்து நீர் வடிந்துபோயிற்று. தமிழிலே 'புயல்' எனும் சொல் இதற்கு எதிர்த்திசையிற் பயணித்தது என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சொல்லலாம். பழைய வழக்கில் அது முகிலையும் மழையையும் குறித்தது. உழவனின் ஏரோடு தொடர்புபடுத்தித் திருக்குறள் அச்சொல்லை ஆளுவது மழை என்ற பொருளிலேயே. பிற்காலத்திற் காற்றே அதன் பொருளாயிற்று. 'சூறாவளி'யிலுள்ள சூறை என்பதற்குக் கொள்ளை என்ற பொருளும் உண்டு.

சொல் உயிரைக் காக்கவும் கெடுக்கவும் வல்லது என்பதற்கு 2013 நவெம்பரில் பிலிப்பைன்சில் நிகழ்ந்தது சான்று. 'ஹையான்' சூறாவளி வருமுன் கடற்பெருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆனால் ஆங்கிலக் கலைச்சொல்லாகவே அது ஒலிபரப்பாயிற்று. சுனாமி என்றிருந்தால் ஓடியிருப்போம் எனத் தக்ளோபான் நகரில் உயிர்தப்பியோர் பின்னர் கூறினர். அந்நாட்டில் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

சொல்லுக்குப் பணமதிப்பும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக்கரை மாநிலங்களின் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்களில், தாக்கியது 'ஹரிக்கேன்' என்றால் இழப்பின் முதற்பங்கை, வீட்டுப் பெறுமதியின் குறிப்பிட்ட வீதமாக, வீட்டுக்காரரே ஏற்கவேண்டும் என்ற விதி உளது. 2012 ஒக்ரோபர் 29இல் 'சாண்டி' நியூ ஜேர்சிக் கரையை அடையச் சற்று முன்னர் அது அயனச் சூறாவளியின் இயல்பை இழந்துவிட்டதென நிலையம் அறிவித்தது. அதன்பேரில் அவ்விதி செல்லாதென மாநில ஆளுநர்கள் காப்புறுதிக் கம்பனிகளுக்கு அறிவித்தனர். வளிமண்டலத்தின் வெப்பப் பரம்பல் பற்றிய ஒரு வரைவிலக்கணம், யார் பணம் செலுத்துவது என்பதைத் தீர்மானித்தது. இம்முறை அது வீட்டுக்காரருக்குச் சாதகமாயிற்று.

இழப்பைக் கொண்டு ஒப்பிடலாமே எனக் கூறுவோர் உளர். டொலரில் ஒப்பிட்டால் ஜீன் புளொரிடாவில் விளைத்த சேதம் பல நூறு கோடி. கொனாயீவில் அழிந்த குடிசைகளின் சந்தை விலை அற்பம். பரிவர்த்தனைப் பெறுமதியை அலகாகக் கொள்ளும் எந்த ஒப்பீட்டிலும் ஏழையின் அழிவு சிறிதாகவே தோன்றும்.

உயிர்களைக் கொண்டு ஒப்பிட்டால் எண்ணப்பட்டோர் யார் என்ற கேள்வி எழுகிறது. 1928 செப்ரெம்பரில் புளொரிடாவின் ஒக்கிச்சோபி ஏரி சூறாவளியில் உடைத்துப் பாய்ந்தபோது இறந்தோரிற் பெரும்பாலோர் வயல்களிற் பருவகாலக் கூலிகளாக வந்திருந்த கறுப்பினத்தவர். சவப்பெட்டிகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டன. கறுப்பினத்தவர் பெருங்குழிகளிற் புதைக்கப்பட்டனர். நெடுங்காலம் வழங்கிய தொகை 1,836. 2003இல் அது குறைந்தது 2,500 எனத் திருத்தப்பட்டது. சோறா நீல் ஹேர்ஸ்ரனின் 1937ஆம் ஆண்டு நாவலின் உச்சக்கட்டம் இச்சூறாவளியே. அரச கணக்கு எழுபத்தைந்து ஆண்டு கழித்து அடைந்த இடத்திற்கு அந்நாவல் ஒன்பது ஆண்டிற் சென்றுவிட்டது எனலாம். பழங்கதை என்று இதனை ஒதுக்கவும் இயலாது. 2017இல் பியூட்டோ றிக்கோவைத் தாக்கிய 'மரியா'வில் இறந்தோர் 64 பேர் என்பதே பல மாதங்களாக உத்தியோகபூர்வக் கணக்கு. மின்சாரமும் மருத்துவமும் இன்றி அடுத்த மாதங்களில் இறந்தோரையும் உட்படுத்தி ஜோர்ஜ் வாஷிங்ரன் பல்கலைக்கழகம் செய்த மதிப்பீடு 2,975. 2018 ஓகஸ்டில் அத்தீவின் அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

காற்று ஏறத்தாழ ஒன்றாயிருந்து சமூகம் வேறுபட்ட நிகழ்வுகளே எமக்கு மிகுந்த தெளிவைத் தருவன. 2007 நவெம்பரில் பங்களாதேசத்தைத் தாக்கிய 'சித்ர்', 2008 மே மாதத்தில் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கிய 'நர்கிஸ்' ஆகிய இரண்டும் நான்காம் படியை அண்டியவை. முன்னையதில் இறந்தோர் ஏறத்தாழ 3,400; பின்னையதில் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,38,000. பங்களாதேசத்தின் அனுபவம் மிகுந்த விலை கொடுத்துப் பெறப்பட்டது. 1970இல் அங்கு மூன்று இலட்சம் தொடக்கம் ஐந்து இலட்சம் வரையானோர் மாண்டனர். 1972இல் தொடங்கிய தொண்டர் அமைப்பும், பின்னர் எழுந்த உயர்ந்த புகலிடங்களும் அதன் விளைவுகள். ஐராவதிக் கழிமுகம் அத்தகைய சூறாவளியை முன்னர் அறிந்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வெளிநாட்டு உதவியை வாரக்கணக்கிற் தடுத்துவைத்த இராணுவ ஆட்சியைக் காற்றின் கணக்கில் எழுத முடியாது.

கியூபாவின் எடுத்துக்காட்டும் இத்தகையது. 1963இல் 'புளோறா' அந்நாட்டில் 1,700க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. புரட்சியரசு அதன்பின் அணைகளையும், தெருவுக்குத் தெரு ஒழுங்கமைந்த குடிசார் பாதுகாப்பையும் கட்டியெழுப்பியது. 2008 ஓகஸ்டில் 'குஸ்தாவ்' ஹெயிட்டியை முதலாம் படியிலே தாக்கி எழுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நான்கு நாட்களின் பின் மேற்குக் கியூபாவை நான்காம் படியிலே தாக்கியது. பாசோ றியல் எனும் ஊரில் 340 கி.மீ. வேகக் காற்றுவீச்சுப் பதிவாயிற்று. பல்லாயிரம் வீடுகள் சிதைந்தன, ஒருவரும் இறக்கவில்லை. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. 2017இல் 'இர்மா'வில் கியூபாவிலும் 10 பேர் இறந்தனர். சிதைந்த வீடுகள் திருத்தப்படாது ஆண்டுக்கணக்கிற் கிடப்பதும் அங்கு உண்டு. உயிரைக் காக்கும் ஒழுங்கமைப்பு வீட்டைக் காக்கும் செல்வமாகிவிடவில்லை.

எமது நாட்டிலே சூறாவளி என்றதும் நினைவுக்கு வருவது 1978 நவெம்பரில் மட்டக்களப்பைச் சாய்த்ததாகும். ஏறத்தாழ 900 பேரைப் பலிகொண்ட அது காற்றின் அழிவாகவே நினைக்கப்படுகிறது; தலையிழந்த தென்னைகளே அதன் படிமம். 2025 நவெம்பர் இறுதியில் வந்த 'டித்வா' அந்நினைவுக்குப் பொருந்தவில்லை. இந்திய வானிலைத் திணைக்களத்தின் வகைப்பாட்டில் அது பெயர் சூட்டப்படும் புயல்களின் அடிப்படியைத் தாண்டவில்லை. அமெரிக்கப் படிகளில் அதற்கு இடமே இல்லை. எனினும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தின் மண்சரிவுகளிலே புதையுண்டோர் அவர்களுட் பெருந்தொகையினர். கொனாயீவை அழித்த பொறிமுறையே இது: தளர்ந்த காற்று, நின்று பெய்த மழை, சரிவு, சரிவின்கீழ் வீடு.

மலைச்சரிவுக்கு இந்நாட்டில் வேறோர் அளவுத்திட்டம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழையைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கிறது: 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். காற்றைக் கணக்கெடுக்காத, நீரை மட்டுமே அளக்கும், படியேற மனிதர் செய்யவேண்டியதையும் கூறும் அளவுத்திட்டம் இது. போபோர்ட்டின் பாய்களுக்கு நெருங்கியது. லயத்து அறையில் வாழும் தோட்டத் தொழிலாளிக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வறையோ அது நிற்கும் நிலமோ சொந்தமில்லை. 150 மில்லிமீற்றரில் அவர்கள் வெளியேறிச் செல்வது பாடசாலைக் கட்டடத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ. மழை விட்டதும் திரும்பி வருவது அதே சரிவுக்கு.